'மின்கசிவு' என்ற ஒற்றைச் சொல்லில் மறையும் மின்வில்: தீ மூளும் முன் அதைக் கண்டறிவது யார்?

புது டெல்லி: ஒரு தீ விபத்துச் செய்தியின் கடைசி வரி பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்த வரியாகவே இருக்கிறது. "முதற்கட்ட விசாரணையில் மின்கசிவே காரணம் எனத் தெரியவந்துள்ளது." 2019 டிசம்பர் 8 அன்று டெல்லி அனாஜ் மண்டியில் தொழிற்கூடங்கள் இயங்கிய கட்டடத்தில் 43 பேர் உயிரிழந்தபோதும், 2021 ஜனவரி 9 அன்று மகாராஷ்டிர மாநிலம் பண்டாரா மாவட்ட அரசு மருத்துவமனையில் 10 பச்சிளம் குழந்தைகள் இறந்தபோதும், 2024 நவம்பர் 15 இரவு உத்தரப் பிரதேச மாநிலம் ஜான்சி மருத்துவக் கல்லூரியின் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் 10 சிசுக்கள் பலியானபோதும் அந்த வரி ஏறத்தாழ அப்படியே வெளியானது.

அந்த வரியோடு பொதுவெளியின் கேள்வியும் முடிந்துவிடுகிறது. மின்சாரம் கசிந்தது, தீப்பிடித்தது, அவ்வளவுதான் என்ற எண்ணம் ஏற்படுகிறது. கசிந்தது ஏன், கசிந்தபோது பாதுகாப்புக் கருவி எங்கே இருந்தது, அது ஏன் செயல்படவில்லை என்ற கேள்விகள் எழுவதில்லை. இதற்கு ஓரளவு அந்தச் சொல்லே காரணம். ஆங்கிலத்திலும் இந்தியிலும் 'ஷார்ட் சர்க்யூட்' என்று வருவது தமிழ் ஊடகங்களில் 'மின்கசிவு' என்று எழுதப்படுவது நீண்ட கால வழக்கம். மின் பொறியியலில் இவை இரண்டும் வெவ்வேறு பழுதுகள். இரண்டிலும் சேராத மூன்றாவது ஒன்றும் உள்ளது. பல தீ விபத்துகளில் முதல் சந்தேகத்துக்குரியதாக இருக்க வேண்டியது அந்த மூன்றாவதுதான். அதன் பெயர் மின்வில். எலக்ட்ரீஷியன்கள் 'ஸ்பார்க்' என்று சொல்வது.

மூன்று பழுதுகள், இரண்டு காவலர்கள்

மின்கசிவு என்பது மின்சாரம் தன் பாதையை விட்டு நிலத்தை நோக்கிச் செல்வது. ஈரமான சுவர், எர்த் இல்லாத கிரைண்டர், உடல் வழியாகப் பாயும் அதிர்ச்சி ஆகியவை இந்த வகை. இதைக் கண்டறியும் கருவி ஆர்.சி.சி.பி.; பழைய வழக்கில் இ.எல்.சி.பி. உள்ளே போகும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமாக இல்லையெனில் அது இணைப்பைத் துண்டிக்கிறது. வீடுகளுக்கு இந்த வேறுபாடு 30 மில்லி ஆம்பியரைத் தாண்டக் கூடாது என்று மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் கூறுகின்றன.

குறுக்குச்சுற்று என்பது ஃபேஸ் கம்பியும் நியூட்ரல் கம்பியும் நேரடியாகத் தொட்டுக்கொள்வது. நொடிப்பொழுதில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். இதற்கான கருவி எம்.சி.பி.; பல வீடுகளில் 'டிரிப்பர்' என்று அழைக்கப்படுவது. உண்மையான குறுக்குச்சுற்று ஏற்பட்டால், சரியான எம்.சி.பி. அதை ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் துண்டித்துவிடும். ஆகவே, எம்.சி.பி. பொருத்தப்பட்ட கட்டடத்தில் 'ஷார்ட் சர்க்யூட்டால் தீ' என்று கூறும் அறிக்கை, அந்த எம்.சி.பி. என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும் அறிக்கைகள் அரிது.

மூன்றாவது பழுதில் இந்த இரு காவலர்களுக்கும் பார்வை இல்லை. குளிர்சாதனப் பெட்டியின் பிளக் பாயிண்டில் திருகு சற்றே தளர்ந்திருப்பதாகக் கொள்வோம். கம்பிக்கும் முனைக்கும் இடையே மயிரிழை இடைவெளி. மின்சாரம் அந்த இடைவெளியைக் காற்று வழியாகத் தாண்டுகிறது. அதுவே மின்வில். ஒன்றரை டன் ஏ.சி. இயங்கும்போது சுமார் 7 ஆம்பியர் எடுத்துக்கொள்கிறது. வில் இருந்தாலும் அதே 7 ஆம்பியர்தான், சற்றுக் குறைவாகவே கூட இருக்கும். அந்தச் சுற்றில் உள்ள 16 ஆம்பியர் 'சி' வகை எம்.சி.பி. உடனடியாக விழ வேண்டுமானால் 80 முதல் 160 ஆம்பியர் வரை தேவை. எனவே எம்.சி.பி.க்கு எல்லாம் இயல்பாகவே தெரிகிறது. நிலத்துக்கு எதுவும் போகவில்லை என்பதால் ஆர்.சி.சி.பி.யும் அசைவதில்லை.

ஆனால் அந்த ஒரு புள்ளியில் என்ன நடக்கிறது? வில்லின் குறுக்கே 20 வோல்ட் மட்டுமே விழுகிறது என்று வைத்தாலும், 7 ஆம்பியருடன் பெருக்கினால் 140 வாட். ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் ஈயத்தை உருக்கும் சாலிடரிங் அயர்ன் பொதுவாக 25 வாட். அதைப்போல் ஐந்து மடங்குக்கு மேற்பட்ட வெப்பம், பிளாஸ்டிக் பெட்டிக்குள், ஒரு மிளகளவு இடத்தில் இறங்குகிறது. மின்வில்லின் மையத்தில் வெப்பநிலை பல ஆயிரம் டிகிரி செல்சியஸ். கம்பியின் பி.வி.சி. உறை கருகிக் கரியாகிறது. கரி மின்சாரத்தைக் கடத்தும் பொருள். ஆகவே அடுத்த வில்லுக்குப் பாதை இன்னும் எளிதாகிறது. இது நாட்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில் நடக்கும். கடைசியில் உறை முழுவதும் எரிந்து இரு கம்பிகளும் தொட்டுக்கொள்ளும்போதுதான் குறுக்குச்சுற்று ஏற்படுகிறது, எம்.சி.பி. விழுகிறது. அதற்குள் திரைச்சீலையில் தீ பற்றியிருக்கக்கூடும்.

ஐந்தரை மணி நேரம்: உபகார் திரையரங்கம்

இந்தியாவில் இந்த வகைப் பழுது மணிக்கணக்கோடு ஆவணப்படுத்தப்பட்ட சம்பவம் ஒன்று உண்டு. 1997 ஜூன் 13 அன்று தெற்கு டெல்லி கிரீன் பார்க் பகுதியில் உள்ள உபகார் திரையரங்கில் 59 பேர் உயிரிழந்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். அந்த வழக்கு பூட்டப்பட்ட வெளியேறும் வழிகளுக்காகவும், உரிமையாளர்களின் பொறுப்புக்காகவும் நினைவுகூரப்படுகிறது. அது நியாயமே, உயிர்களைப் பறித்தது புகையும் அடைபட்ட வழிகளும்தான். எனினும் தீ எப்படித் தொடங்கியது என்பது அதே அளவு கவனத்துக்கு உரியது.

திரையரங்கின் தரைத்தளத்தில் இரண்டு மின்மாற்றிகள் இருந்தன. அவற்றில் பெரியது, 1,000 கே.வி.ஏ. திறன் கொண்டது, அன்றைய டெல்லி வித்யுத் வாரியத்துக்குச் சொந்தமானது. நீதிமன்றத் தீர்ப்புகளில் பதிவாகியுள்ளபடி, அன்று காலை 7 மணிக்குச் சற்று முன் அந்த மின்மாற்றியில் சிறிய தீ ஏற்பட்டது. தாழ்வழுத்தப் பக்கத்தில் 'பி' ஃபேஸ் கேபிளின் முனைகள் கருகியிருந்தன. வாரிய ஊழியர்கள் முற்பகலில் வந்து முனைகளை மாற்றினர். கேபிள் முனையைக் கம்பியோடு இறுக்கமாக அழுத்திப் பிணைப்பதற்கான கிரிம்பிங் இயந்திரம் பயன்படுத்தப்படவில்லை. அச்சும் சுத்தியலும் கொண்டு வேலை முடிக்கப்பட்டது. 11.30 மணி அளவில் மின்சாரம் மீண்டும் வந்தது. பிற்பகல் 3 மணிக் காட்சி தொடங்கியது.

மாலை 4.55 மணி அளவில் அந்தக் கேபிள் கழன்று விழுந்து மின்மாற்றியின் ரேடியேட்டர் தகட்டைத் தொட்டது. அங்கு மூண்ட மின்வில் தகட்டில் துளையிட்டது. எண்ணெய் வெளியேறிப் பற்றியது. அருகில் நிறுத்தப்பட்டிருந்த கார்களுக்குத் தீ பரவி, புகை படிக்கட்டு வழியே பால்கனிக்கு ஏறியது.

11.30 முதல் 4.55 வரை ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம். சுத்தியலால் அடித்து இறுக்கிய அந்த இணைப்பு சூடாகி, பொறி கக்கி, மேலும் தளர்ந்துகொண்டே இருந்தது. பழுது நேர்ந்தால் மின்மாற்றியைத் தானாகத் துண்டிக்க வேண்டிய ரிலே அமைப்பு உயர் அழுத்தப் பலகையில் இல்லை என்று விபத்துக்குப் பிந்தைய ஆய்வு குறிப்பிட்டது. இது கடுமையான குறைபாடு; ரிலே இருந்திருந்தால் கேபிள் தகட்டைத் தொட்ட பிறகு எரிந்த நேரத்தைக் குறைத்திருக்கும். ஆனால் ஒன்றை விலக்காமல் சொல்ல வேண்டும்: வழக்கமான மிகைமின்னோட்ட ரிலே எதுவும் அந்த ஐந்தரை மணி நேரத்தில் அசைந்திருக்காது. தளர்ந்த இணைப்பு மின்னோட்டத்தைக் கூட்டுவதில்லை. அதைக் கண்டிருக்கக்கூடியவை இரண்டே: வெப்பத்தைப் படமெடுக்கும் கேமரா, அல்லது காதும் மூக்கும் கொண்டு அருகில் நின்ற ஓர் ஊழியர்.

வில்லின் கையொப்பம்

மின்வில்லைக் கருவி கொண்டு கண்டறிய முடியும் என்பதற்கு அடிப்படை அதன் நடத்தையிலேயே உள்ளது. நம் வீட்டு மின்சாரம் மாறுதிசை மின்னோட்டம். நொடிக்கு 50 சுழற்சி. ஒவ்வொரு சுழற்சியிலும் இருமுறை மின்னோட்டம் பூஜ்யத்தைக் கடக்கிறது. அந்தக் கணத்தில் வில் அணைகிறது. மின்னழுத்தம் மீண்டும் உயர்ந்ததும் மறுபடி மூள்கிறது. நொடிக்கு 100 முறை அணைந்து மூளும் இந்த விளையாட்டு, மின்னோட்ட அலையில் பூஜ்யத்தின் அருகே சிறு சமதளத்தை உண்டாக்குகிறது. கூடவே, வானொலிப் பெட்டியில் கரகரப்பாகக் கேட்கும் வகை உயர் அதிர்வெண் இரைச்சலும் எழுகிறது. இந்த இரண்டு அடையாளங்களையும் தொடர்ந்து கவனிக்கும் சிறு கணினிதான் மின்வில் கண்டறியும் கருவி. ஐரோப்பாவில் ஏ.எஃப்.டி.டி. என்றும், அமெரிக்காவில் ஏ.எஃப்.சி.ஐ. என்றும் அழைக்கப்படுகிறது. எம்.சி.பி. பலகையில் அதன் பக்கத்திலேயே பொருத்தலாம்.

சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 62606 எண் தரநிலை, 230 வோல்ட் மின்சுற்றில் வில்லின் மின்னோட்டம் 2.5 ஆம்பியராக இருந்தால் 1 நொடிக்குள்ளும், 10 ஆம்பியரானால் கால் நொடிக்குள்ளும், 32 ஆம்பியரானால் 0.12 நொடிக்குள்ளும் துண்டிக்க வேண்டும் என்கிறது. எம்.சி.பி. ஒருபோதும் கவனிக்காத 2.5 ஆம்பியரை இது ஒரு நொடியில் பிடிக்கிறது என்பதுதான் இங்கே முக்கியம்.

கடினமானது கண்டுபிடிப்பது அல்ல. தவறாகக் கண்டுபிடிக்காமல் இருப்பது. மிக்ஸி, துளையிடும் இயந்திரம், தையல் இயந்திர மோட்டார் ஆகியவற்றின் கார்பன் பிரஷ்களில் இயல்பாகவே பொறி உண்டு. விளக்கின் ஒளியைக் குறைக்கும் டிம்மர், மலிவான எல்.இ.டி. விளக்கு ஆகியவையும் இரைச்சல் எழுப்புபவை. சட்னி அரைக்கும்போதெல்லாம் வீட்டு மின்சாரம் போனால், இரண்டாம் நாளே அந்தக் கருவி கழற்றி வைக்கப்படும். மேலும் இந்தக் கருவிக்கும் ஒரு குருட்டுப் புள்ளி இருக்கிறது. தளர்ந்த இணைப்பு சில நேரங்களில் பொறி விடாமல், தணல்போல் சிவந்து ஒளிரும். வில் இல்லாததால் கையொப்பமும் இல்லை. கருவி அமைதியாக இருக்கும். விற்பனை விளம்பரங்கள் இந்தப் பகுதியைச் சொல்வதில்லை.

விதியாக்கியவர்களும் பின்வாங்கியவர்களும்

இந்தத் தொழில்நுட்பத்தின் அவசியத்தை உலகுக்கு உணர்த்திய சம்பவங்களில் ஒன்று வானில் நடந்தது. 1998 செப்டம்பர் 2 அன்று சுவிஸ்ஏர் 111 விமானம் கனடாவின் நோவா ஸ்கோஷியா கடற்பகுதியில் விழுந்து 229 பேரும் உயிரிழந்தனர். காக்பிட்டுக்கு மேலே கம்பிகளில் ஏற்பட்ட மின்வில், எரியக்கூடிய காப்புப் போர்வையைப் பற்றவைத்தது என்று கனடா விசாரணை அமைப்பு கண்டறிந்தது. விமானத்தின் வழக்கமான சர்க்யூட் பிரேக்கர்கள் இவ்வகை வில்லைத் தடுக்க வடிவமைக்கப்பட்டவை அல்ல என்பதும் அங்கு தெளிவானது.

வீடுகளைப் பொறுத்தவரை முதலில் நகர்ந்தது அமெரிக்கா. அந்நாட்டின் 1999 தேசிய மின்விதித் தொகுப்பு, 2002 ஜனவரி 1 முதல் புதிய வீடுகளின் படுக்கையறைச் சுற்றுகளுக்கு ஏ.எஃப்.சி.ஐ.யைக் கட்டாயமாக்கியது, 2008 பதிப்பு அதை மற்ற வசிப்பறைகளுக்கும் விரித்தது. பிரிட்டனின் மின்பணி விதிகள் 2022 திருத்தத்தில் உயரமான குடியிருப்புகள், பலர் பகிர்ந்து வாழும் வீடுகள், மாணவர் விடுதிகள், முதியோர் பராமரிப்பு இல்லங்கள் ஆகியவற்றின் பிளக் சுற்றுகளுக்கு இதைக் கட்டாயமாக்கின. ஜெர்மனியின் கதை வேறு. 2016-இல் சில வகைக் கட்டடங்களுக்குக் கட்டாயம் என்று அறிவித்த அந்நாடு, 2019-இல் இறங்கிவந்து, ஆபத்தை மதிப்பிட்டு முடிவெடுக்கலாம் என்று தளர்த்தியது. செலவு, தேவையற்ற துண்டிப்பு, பயனுக்குப் போதிய சான்று உண்டா என்ற வாதம் ஆகிய மூன்றும் அங்கு முன்வைக்கப்பட்டன. இந்தியா இதைப் பின்பற்ற நினைத்தால், அமெரிக்கப் பாதையைவிட பிரிட்டனின் பாதையே பொருத்தமாகப் படுகிறது: எல்லா வீட்டுக்கும் அல்ல, தப்பித்து ஓட முடியாதவர்கள் தூங்கும் இடங்களுக்கு முதலில்.

சாம்பலில் கிடக்கும் செப்பு மணி

விசாரணைகளில் 'ஷார்ட் சர்க்யூட்' என்ற முடிவு எப்படி எட்டப்படுகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. எரிந்த இடத்தில் கம்பியின் முனையில் உருண்டையான செப்பு மணி ஒன்று கிடைக்கிறது. செம்பு 1,085 டிகிரி செல்சியஸில் உருகும். இப்படிக் கூர்மையான எல்லையோடு ஒரே புள்ளியில் உருகியிருந்தால் அது மின்வில்லின் தடயம். இங்குவரை சரி.

ஆனால் வேறு காரணத்தால் மூண்ட தீயும் கம்பியின் உறையை எரித்து, உயிரோடு இருக்கும் கம்பிகளைத் தொட வைத்து, அதே போன்ற மணியை உருவாக்கும். அதாவது மணி நிரூபிப்பது, தீ அங்கு வந்தபோது கம்பியில் மின்சாரம் இருந்தது என்பதை மட்டுமே. வில் தீயின் தாயா, குழந்தையா என்பதை அது தனியாகச் சொல்வதில்லை. இருந்தும், சம்பவ இடத்தில் கம்பி இருந்தது, எரிந்திருந்தது என்ற அளவிலேயே பல முதற்கட்ட முடிவுகள் அறிவிக்கப்படுகின்றன. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் தீ விபத்து மரணங்களில் 'மின் குறுக்குச்சுற்று' என்று தனித் தலைப்பு வைத்திருக்கிறது. அந்தத் தலைப்பின் கீழ் வரும் எண்களில் தளர்ந்த இணைப்பு எத்தனை, மிகைச்சுமை எத்தனை, உண்மையான குறுக்குச்சுற்று எத்தனை என்ற பிரிவினை கிடையாது. எதைத் தடுப்பது என்று தெரியாமல் தடுப்புக் கொள்கை வகுப்பது எப்படி என்பது நியாயமான கேள்வி.

அறுந்த பின்னும் உயிரோடு இருக்கும் கம்பி

கட்டடத்துக்கு வெளியே இதே சிக்கல் பெரிய அளவில் தொடர்கிறது. 2023 நவம்பர் 19 அதிகாலை பெங்களூருவில், நடைபாதையில் அறுந்து கிடந்த 11 கிலோவோல்ட் கம்பியை மிதித்து ஓர் இளம் தாயும் அவரது 9 மாதக் குழந்தையும் உயிரிழந்தனர். இத்தகைய செய்தியைப் படிக்கும் எவருக்கும் எழும் கேள்வி: கம்பி அறுந்தவுடன் மின்சாரம் ஏன் தானாக நிற்கவில்லை?

பொதுவாக இதற்கான பதில் கம்பி விழும் தரையில் இருக்கிறது. ஈரமான வயலில் விழுந்தால் பெரும் மின்னோட்டம் நிலத்துக்குள் பாயும். துணை மின்நிலைய ரிலே உடனே ஃபீடரைத் துண்டிக்கும். காய்ந்த மண், தார்ச்சாலை, சரளைக்கல், கான்கிரீட் ஆகியவற்றின் மீது விழுந்தால் நிலைமை தலைகீழ். சில ஆம்பியர் முதல் சில பத்து ஆம்பியர் வரையே பாயும். சில நேரம் ஏறத்தாழ ஒன்றுமே பாயாது. நூற்றுக்கணக்கான ஆம்பியர் இயல்பாக ஓடும் ஃபீடரில் இந்தச் சிறு வேறுபாடு கடலில் கரைத்த பெருங்காயம். தரையில் கிடக்கும் கம்பி நுனியில் மட்டும் வில் சீறிக்கொண்டிருக்கும். பொறியாளர்கள் இதை உயர் மின்தடைப் பழுது என்கின்றனர். அலை வடிவத்தில் உள்ள ஒழுங்கற்ற நெளிவைக் கொண்டு இதைக் கண்டறியும் நவீன ரிலேக்கள் உள்ளன. ஆனால் எல்லாத் தரையிலும் பிடிக்கும் ரிலே இன்னும் இல்லை.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் இதற்கு வேறொரு வழியைத் தேர்ந்தது. 2009 பிப்ரவரி 7 காட்டுத்தீயில் 173 பேர் உயிரிழந்தனர். அன்றைய மிகக் கொடிய தீ, கில்மோர் ஈஸ்ட் பகுதியில் அறுந்த ஒரு மின்கம்பியிலிருந்து தொடங்கியது. அரச ஆணைய விசாரணைக்குப் பின், 45 துணை மின்நிலையங்களில் பழுதுற்ற ஃபேஸின் மின்னழுத்தத்தையே நொடிப்பொழுதில் அடக்கிவிடும் கருவிகளைப் பொருத்த 2016-இல் விதி வகுக்கப்பட்டது. வில்லைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குப் பதிலாக, வில் மூள்வதற்கான வலுவையே பறித்துவிடும் உத்தி இது. இந்தியாவின் 11 கிலோவோல்ட் வலையமைப்பில் நியூட்ரல் பெரும்பாலும் நேரடியாக நிலத்தோடு இணைக்கப்பட்டிருப்பதால், அதை அப்படியே இங்கு கொண்டுவர முடியாது. வலையமைப்பின் அடிப்படையையே மாற்ற வேண்டியிருக்கும். ஆபத்தான இடங்களில் உறையிட்ட கம்பியும் நிலத்தடிக் கேபிளும் போடுவதே இங்கு நடைமுறைக்கு அருகில் உள்ள வழி.

கூரை மேல் வரும் புதிய வில்

இதுவரை சொன்னது பழைய ஆபத்து. புதிதாக ஒன்று வேகமாகக் கூரை ஏறிக்கொண்டிருக்கிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம், ரூ.75,021 கோடி மதிப்பில் 1 கோடி வீடுகளின் கூரையில் சூரியத் தகடுகளைப் பொருத்த இலக்கு வைத்துள்ளது. மின்கட்டணத்தைக் குறைக்கும் நல்ல திட்டம். ஆனால் தகட்டிலிருந்து இன்வெர்ட்டர் வரை ஓடுவது நேர்திசை மின்னோட்டம். தகடுகள் தொடராக இணைக்கப்படுவதால் மின்னழுத்தம் எளிதில் சில நூறு வோல்ட்டை எட்டும். நேர்திசை மின்னோட்டத்தில் பூஜ்யத்தைக் கடக்கும் கணம் இல்லை. நொடிக்கு 100 முறை அணையும் வாய்ப்பு வீட்டுச் சுற்றின் வில்லுக்கு இருந்தது. கூரை மேல் மூளும் வில்லுக்கு அதுவும் இல்லை. சூரியன் இருக்கும்வரை அது எரியும். கீழே மெயின் சுவிட்சை அணைத்தாலும் மேலே தகடுகள் மின்சாரம் தந்துகொண்டேதான் இருக்கும். தீயணைப்பு வீரர்கள் அறிந்திருக்க வேண்டிய விவரம் இது.

வில் பிறக்கும் இடம் பெரும்பாலும் தகடு அல்ல, தகடுகளை இணைக்கும் சிறு பிளாஸ்டிக் இணைப்பி. ஒரு நிறுவனத்தின் ஆண் முனையும் இன்னொரு நிறுவனத்தின் பெண் முனையும் பார்வைக்குப் பொருந்தும். உள்ளே உலோகம் முழுமையாகப் பொருந்தாது. உரிய கிரிம்பிங் கருவி இன்றிக் கட்டிங் பிளேயரால் நசுக்கிய முனையும் அதே விளைவைத் தரும். உபகார் மின்மாற்றியில் சுத்தியல் செய்த வேலையை இங்கு பிளேயர் செய்கிறது. ஏப்ரல், மே மாத வெயிலில் நாள்தோறும் விரிந்து, இரவில் சுருங்கும் அந்த இணைப்பு சில ஆண்டுகளில் தன் குறையைக் காட்டும்.

அமெரிக்க விதித் தொகுப்பு 2011 பதிப்பிலேயே 80 வோல்ட் அல்லது அதற்கு மேற்பட்ட கட்டடச் சூரிய அமைப்புகளுக்கு நேர்திசை வில் கண்டறிதலைக் கட்டாயமாக்கியது. இன்று விற்பனைக்கு வரும் பல இன்வெர்ட்டர்களில் இந்த வசதி உள்ளமைந்தே வருகிறது. வில் கண்ட நேரத்தைப் பதிவும் செய்துவைக்கிறது. தனியாகக் கருவி வாங்க வேண்டியதில்லை என்பதால், வீட்டு உரிமையாளர் விற்பனையாளரிடம் கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள்: இந்த இன்வெர்ட்டரில் வில் கண்டறியும் வசதி உண்டா, அது இயக்கி வைக்கப்பட்டுள்ளதா? அடிக்கடி நின்றுபோகிறது என்று நிறுவுபவரே அதை அணைத்து வைத்துவிட வாய்ப்புண்டு என்பதால் இரண்டாவது கேள்வி முக்கியம்.

யார் பார்க்க வேண்டும்?

மின்சாரச் சட்டம் 2003 மின் ஆய்வாளர் பதவியை உருவாக்கியுள்ளது. மத்திய மின்சார ஆணையத்தின் 2010 பாதுகாப்பு ஒழுங்குமுறைகளுக்குப் பதிலாக 2023-இல் புதியவை வந்தன. அவற்றின்படி மாநில அரசு அறிவிக்கும் மின்னழுத்த வரம்புக்கு மேற்பட்ட நிறுவல்களை ஆய்வாளர் பார்க்கிறார். அதற்குக் கீழ்ப்பட்டவற்றுக்கு உரிமையாளரே சான்றளித்துக்கொள்ளலாம். ஆய்வாளர் பற்றாக்குறை நிலவும் நாட்டில் இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் மருத்துவமனை வார்டின் பிளக் பாயிண்ட், உயர் அழுத்த அறையில் அல்ல, நோயாளியின் தலைமாட்டில் இருக்கிறது. தளர்வது அந்தப் பாயிண்ட்தான். தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டர், வார்மர், ஏ.சி. ஆகியவை 24 மணி நேரமும் ஓடுகின்றன; ஆக்சிஜன் கசிவால் காற்றில் அதன் அளவு வழக்கமான 21 விழுக்காட்டைத் தாண்டினால், சாதாரணமாகக் கருகி அணையும் பொருளும் சுடர்விட்டு எரியும். சிறு பொறி போதும்.

ஒவ்வொரு பெரிய மருத்துவமனைத் தீக்குப் பிறகும் தணிக்கை உத்தரவு வருகிறது. தீயணைப்பான் காலாவதியாகியுள்ளதா, வெளியேறும் வழி திறந்துள்ளதா என்பவை தணிக்கையில் இடம்பெறுகின்றன, இரண்டும் தேவையானவை. ஆனால் இவை தீ மூண்ட பிறகு பயன்படுபவை. மூள்வதற்கு முன்னரே பார்க்கும் கருவி மின்வாரியங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. துணை மின்நிலையங்களில் சூடான இணைப்புகளை அகச்சிவப்புக் கேமரா கொண்டு தேடுவது மின்துறையில் பழகிப்போன வேலை. பெரிய சுவிட்ச் பலகைகளில் வில்லின் ஒளியைச் சில மில்லி நொடிகளில் உணரும் கண்ணாடி இழை உணரிகளும் பயன்பாட்டில் உள்ளன. மின்மாற்றி எண்ணெயில் அசெட்டிலின் வாயு கரைந்திருந்தால் உள்ளே வில் மூண்டிருக்கிறது என்று ஆய்வகம் சொல்லிவிடும். இயந்திரங்களுக்குக் கிடைக்கும் இந்தக் கவனிப்பு வார்டுப் பலகைக்குக் கிடைப்பதில்லை.

கேமரா பரிசோதனைக்கும் ஒரு நிபந்தனை உண்டு. சுமை ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்தால் மட்டுமே தளர்ந்த இணைப்பு சூடாகத் தெரியும். ஏ.சி.கள் அணைந்திருக்கும் டிசம்பர் காலையில் எடுத்த படத்தில் எல்லா இணைப்பும் நலமாகவே தோன்றும். பார்க்க வேண்டிய நேரம் மே மாதப் பிற்பகல், எல்லா எந்திரமும் ஓடும்போது. வீடுகளில் கேமரா இல்லை. ஆனால் அறிகுறிகள் உண்டு. பிளக் முனையில் பழுப்பு நிறம், தொட்டால் சுடும் சுவிட்ச் பலகை, மீன் வாடை போன்ற கருகல் நெடி, மெல்லிய சீறல், ஏ.சி. தொடங்கும்போது மட்டும் சிமிட்டும் விளக்கு. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்தச் சுற்றை அணைத்துவிட்டு, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்துத் திருகை இறுக்கவோ, பாயிண்டை மாற்றவோ சொல்ல வேண்டும். எம்.சி.பி. விழவில்லை என்பதால் பழுதில்லை என்று கருதுவது சரியல்ல. இந்தப் பழுதில் அது விழாது.

ஏ.எஃப்.டி.டி. கருவி இந்தியச் சந்தையில் கிடைக்கிறது. விலை சாதாரண எம்.சி.பி.யைவிடப் பல மடங்கு. கோடிக்கணக்கான வீடுகளுக்கு அது இன்றைய நிலையில் எட்டாதது. ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவின் சில பிளக் சுற்றுகளுக்கு ஆகும் செலவு, அங்குள்ள ஒரு வென்டிலேட்டரின் விலைக்கு அருகில்கூட வராது. புதிய வார்டு கட்டும் ஒப்பந்தப் புள்ளியில் அதற்கு ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்த வரியை எழுதும் அதிகாரம் ஒவ்வொரு மாநிலப் பொதுப்பணித் துறையின் மின்பிரிவுக்கும் இன்றே இருக்கிறது.